கடலில் கரைந்த டிஸ்க்

“எம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்கு ஜாதகம் எழுதியாச்சா?”

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் லோகநாயகியிடம் இப்படிக் கேட்டது ஒரு பூக்காரி. பூக்காரியிடம் கம்ப்யூட்டர் கிடையாது. கால்குலேட்டர்கூடக் கிடையாது. ஆனால் அக்கறை இருந்தது. அந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழில், ஊருக்கே அந்த அக்கறை இருந்தது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகர் வரைக்கும் சுவரெல்லாம் ஒரே முகம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், உருத்திராட்சத்தோடு கோத்த ஒரு மவுஸ். கணினிச் சித்தர் ஞானசேகர சுவாமிகள்! ‘மனிதனுக்கு நவக்கிரகம் உண்டென்றால் அவன் கையால் செய்த எந்திரத்துக்கு இல்லையா?’ என்று சுவரொட்டி கேட்டது. நியாயமான கேள்வி என்று ஜெராக்ஸ் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். பிரவுசிங் சென்டர்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சுவாமிகள் வந்த பிறகு ஊரில் எந்தக் கம்ப்யூட்டரும் சும்மா கெட்டுப்போகவில்லை. வைரஸ் வந்தால் கண்ணேறு. பிரிண்டர் மை கக்கினால் செவ்வாய் தோஷம். கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால், அதுவும் ராகு. மின்வாரியத்துக்கு இப்படி ஒரு நல்ல காலம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆனால் சுவாமிகளின் கைராசி எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில்தான்.

“ஒரு பெட்டிக்குள்ள ஒரு டிஸ்க் இருந்தா அது குடித்தனம். ரெண்டாவது ஒண்ணைக் கொண்டாந்து மாட்டினா அது சக்களத்திச் சண்டை! மூத்தவளுக்கும் இளையவளுக்கும் பொருத்தம் பார்க்காம மாட்டினா, ஒரு நாளைக்கு இளையவ ஓடிப்போயிடுவா. திரையில தேடுவீங்க, இருக்க மாட்டா.”

சில கடைகளில் அப்படி நடந்தும் இருந்தது. கேபிள் சரியாக அழுந்தாவிட்டால் நடக்கும். புது டிஸ்க்கை மாட்டிவிட்டு அதற்குக் கம்ப்யூட்டரில் டி, இ என்று ஓர் எழுத்துக் கொடுக்காவிட்டாலும் நடக்கும். கேபிளை அழுத்துவதா, காணிக்கை செலுத்துவதா என்று வரும்போது நம் ஆட்கள் எதைச் செய்வார்கள் என்று சுவாமிகளுக்குத் தெரியாதா?

லோகநாயகியின் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் மேல வீதியில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தார். அவர் படம் எடுப்பார், லோகநாயகி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். கூச்ச சுபாவம். வாடிக்கையாளர் வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். வீடியோ என்றால் இடத்தை யானை மாதிரி தின்னும். அதனால் இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு கல்யாணம்தான் ஏறியிருந்தது, பட்டம்மாள் மகள் சுவேதாவின் கல்யாணம். டிஸ்க்குக்கே ‘சுவேதா’ என்று ஆங்கிலத்தில் பேர் வைத்திருந்தாள் லோகநாயகி.

அந்தக் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண்ணின் அப்பா கலியமூர்த்தி மாரடைப்பில் போய்விட்டார். வாரா வாரம் பட்டம்மாள் கடைக்கு வந்து நிற்பாள்.

“லோகு, சி.டி. ஆயிடுச்சா? வேற ஒண்ணும் வேணாம்டி. அவரு பேசுறதை ஒரு தரம் கேட்டாப் போதும்.”

“அடுத்த வாரம் தந்துடறேன் அத்தை.”

அந்த நேரத்தில்தான் ராஜமாணிக்கம் சுவாமிகளைக் கடைக்கு அழைத்துவந்தார். கம்ப்யூட்டர் குபேர மூலையில் இல்லை என்று சுவாமிகள் முகம் சுளித்தார். ராஜமாணிக்கமும் டீக்கடைக்காரரும் பெட்டியைச் சீர்வரிசைக் கட்டில் மாதிரி தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அது நிலைப்படியில் நன்றாக ஒரு இடி இடித்தது. குபேர மூலையில் வைத்த பெட்டிக்குச் சுவாமிகள் மஞ்சள் காப்புக் கயிறு கட்டி, “இனிமே இதை யாரும் திறக்கக் கூடாது” என்றார்.

மறுநாள் திரையில் இரண்டாவது டிஸ்க்கைக் காணோம்.

“இடிச்சதுல ஒயரு ஆடியிருக்கும். கழட்டிப் பார்த்துடலாங்க,” என்றாள் லோகநாயகி.

“கயிறு கட்டியிருக்கு, கண்ணு தெரியலையா ஒனக்கு?”

“கயிறு தெரியுது. டிஸ்க்குதான் தெரியல.”

“வாய் ஜாஸ்தியாப் போச்சுடி ஒனக்கு!”

யார் சொல்லிப் பெட்டி நகர்ந்ததோ அவரையே கூப்பிட்டார்கள். சுவாமிகள் வந்தார், கயிற்றை அறுத்தார், டிஸ்க்கைக் கழற்றிக் கையில் ஏந்திக் கண்ணை மூடினார்.

“இதுல இறந்தவங்க படம் ஏதாச்சும் இருக்கா?”

ராஜமாணிக்கத்துக்குப் புல்லரித்தது. கல்யாண வீடியோ கடையில் கேட்கிற கேள்வியா இது! ஐந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தியில் ஒருவராவது செத்திருக்க மாட்டாரா?

“மரண தோஷம்,” என்றார் சுவாமிகள். “தேவனாம்பட்டினம் கடல்ல கொண்டுபோய்க் கரைக்கணும்.”

“இரும்பு எப்படி சாமி கரையும்?” லோகநாயகி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். கேள்வி தானாக வந்துவிட்டது.

“பக்தி இருந்தா கரையும்.”

“கடலூர்ல கப்பலெல்லாம் கரையாம நிக்குதே சாமி. அதுல இருக்கறவங்க யாருக்கும் பக்தி இல்லீங்களா?”

ராஜமாணிக்கம் அவள் முழங்கையைக் கிள்ளினார். கல்யாணத்தைப் பிடித்த கேமரா டேப்பில் பார்க்கலாம் என்றால் அந்த டேப்பின் மேலேயே ஒரு காதுகுத்தைப் பதிந்து வைத்திருந்தார் மனிதர். டேப் மிச்சமாம். ஆக, கலியமூர்த்தியின் குரல் உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

விஷயத்தைப் பட்டம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஓடிவந்தாள்.

“ஒரே ஒரு தரம் கேட்டுட்டுக் குடுத்துடறேனே சாமி.”

“கேட்டா அவர் வருவார். தனியாப் போக மாட்டார். ஒன் மருமகனைக் கையோட கூட்டிக்கிட்டுப் போவார். பரவாயில்லையா?”

பட்டம்மாள் தன் கையாலேயே டிஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சுவாமிகள் எங்கே கூட்டம் போட்டாலும் மகளுக்காகப் பரிகாரம் செய்ய முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். சி.டி. கேட்டுக் கடைக்கு வருவது நின்றுபோனது. அதுதான் லோகநாயகிக்குத் தாங்கவில்லை.

முதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘கணினி தோஷ நிவாரண முகாம்’ நடந்தது. ராஜமாணிக்கம் புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி, அதைப் பூஜையில் வைக்க லோகநாயகியையும் அழைத்துப் போனார். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. சி.பி.யு.வை இடுப்பில் தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியிருக்க மாட்டார்கள். ஒருவர் தன் கம்ப்யூட்டருக்கு வெயில் படாமல் குடை பிடித்து வந்தார். அவர் மனைவி வெயிலில் வந்தாள். முன்வரிசையில் பட்டம்மாள்.

மேடையில் சுவாமிகளின் சொந்தக் கம்ப்யூட்டர், மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்தபடி. பக்கத்து மூடியைத் திறந்து காட்டினார்.

“நல்லாப் பாருங்க! உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. இப்ப திரையைப் பாருங்க. இளையவளைக் காணோம்!”

காணோம்தான். கூட்டம் உச்சுக்கொட்டியது.

சுவாமிகள் மானிட்டர்மேல் பட்டுத்துணியைப் போர்த்தினார். பழைய காலத்து போட்டோக்காரர் மாதிரி தன் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து மந்திரம் வந்தது. மந்திரத்துக்கு நடுவே ‘டிக், டிக்’ என்று மவுஸும் வந்தது. கடவுளுக்குக்கூட வலது பக்கம் ஒரு தட்டு, இடது பக்கம் ஒரு தட்டு தேவைப்படும்போல. துணியை உருவினார். திரையில் இரண்டாவது டிஸ்க்!

“வந்துட்டா! பேரோட வந்திருக்கா பாருங்க! சுவேதா! சுவேதம்னா வெள்ளை. வெள்ளைத் தாமரையில குடியிருக்கிற கலைவாணியே பேரை எழுதிட்டுப் போயிருக்கா!”

மண்டபம் அதிரக் கைதட்டல். லோகநாயகி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பேரைத் தட்டிய கலைவாணி, இந்தப் புடவையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா மேடைக்கு வரலாம்!” எல்லா ஊரிலும் சொல்கிற வசனம். எந்த ஊரிலும் யாரும் வந்ததில்லை.

லோகநாயகி எழுந்தாள்.

“ஏய், எங்கடி போற? உக்காரு!” ராஜமாணிக்கம் முந்தானையைப் பிடித்தார். முந்தானையை உருவிக்கொண்டு போனாள்.

“சாமி, அந்த டிஸ்க்கைத் திறந்து காட்டுங்க.”

“திறந்தா தீட்டும்மா.”

“திறக்கக் கூடாத டிஸ்க்கு எதுக்கு சாமி? கற்பூரம் காட்டறதுக்கா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்புக்குத் துணை கிடைத்தது.

“இந்தப் பொம்பளைக்கு மந்திரம் தெரியுமா?” என்று சுவாமிகள் கூட்டத்தைக் கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்ச மந்திரம் சொல்றேன்,” என்று லோகநாயகி நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டுத்துணியை எடுத்துக் கீழே போட்டாள். எல்லோரும் பார்க்க டிஸ்க்குகளை நிர்வகிக்கிற பக்கத்துக்குப் போய், இரண்டாவது டிஸ்க்குக்குக் கொடுத்திருந்த எழுத்தை எடுத்துவிட்டாள். திரையில் டிஸ்க் மறைந்தது.

“ஓடிப்போயிட்டாங்க. இப்பக் கூப்பிடறேன் பாருங்க.” மைக்கை இழுத்து, பஸ் கண்டக்டர் குரலில் ஓதினாள்: “ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம்! சிதம்பரமெல்லாம் ஏறு!” ஓதிக்கொண்டே எழுத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டிஸ்க் வந்து நின்றது.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. “இன்னொரு தரம் ஓதும்மா, விருத்தாசலம் போற பஸ்ஸு!” என்று ஒரு குரல்.

சுவாமிகள் மவுஸைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் லோகநாயகி டிஸ்க்கின்மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். உள்ளே ஒரு கல்யாணம் அப்படியே கிடந்தது. அழிக்கக்கூட இல்லை. எழுத்தை எடுப்பது, எழுத்தைப் போடுவது, சுவாமிகள் கற்ற கணினிச் சாத்திரம் அவ்வளவுதான்.

லோகநாயகி அதை ஓடவிட்டாள். மண்டபத்து ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் நாதசுவரம் பொங்கியது. அதற்கு மேலே ஒரு கட்டைக்குரல்:

“யோவ் வீடியோ! என் மூஞ்சியில என்னய்யா இருக்கு? பொண்ணை எடுய்யா! பட்டு, ஏ பட்டு! எங்க போயிட்டா இவ? இங்க வந்து நில்லுடி, ரெண்டு பேரையும் சேத்து எடுக்கட்டும்!”

முன்வரிசையில் பட்டம்மாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இது நான் பேர் வச்ச டிஸ்க்கு,” என்றாள் லோகநாயகி. “இதைக் கடல்ல கரைச்சாச்சுன்னு சாமி சொன்னாரு.”

சுவாமிகள் சும்மா இருப்பாரா? இரண்டு கையையும் மேலே தூக்கினார். “ஆகா! சமுத்திரராஜனே திருப்பிக் கொடுத்திருக்கான்!”

நம்புவீர்களா, இரண்டு பேர் கும்பிட்டார்கள்!

“ஏன் சாமி, சமுத்திரராஜன் கேபிளும் சொருகி, ஸ்க்ரூவும் முடுக்கியா குடுத்தாரு?”

அதன் பிறகு மேடைக்குப் பின்னாலிருந்த கோணிப்பையை யார் கொட்டினார்கள் என்று தெரியவில்லை. முதல் ஆளாக நின்றவர் ராஜமாணிக்கம் என்று பிற்பாடு ராஜமாணிக்கமே சொன்னார். உள்ளே டிஸ்க்குகள், நனையாத, உப்புப் பூக்காத, விற்பனைக்குத் தயாரான டிஸ்க்குகள். “இது என் கடையிது!” “ஏய், எங்க டி.டி.பி. சென்டர் ஸ்டிக்கர் இருக்குடா!” பரங்கிப்பேட்டையில் கரைந்தது, சாமியார்பேட்டையில் கரைந்தது, எல்லாம் கரையேறியிருந்தன.

அந்த அமளியில் குடைக்காரர் லோகநாயகியிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: “இவரு டுபாக்கூர்னு தெரிஞ்சுபோச்சு. பண்ருட்டியில ஒருத்தர் செல்போனுக்கு மந்திரிக்கிறாராமே, அவரு நெசந்தானேம்மா?”

லோகநாயகி மைக்கிலேயே பதில் சொன்னாள். இனிமேல் என்ன கூச்சம்?

“ஐயா, இந்த டிஸ்க்கு எங்கயும் போகல, உள்ளேயேதான் இருந்துச்சு. யாரும் திறந்து பார்க்கல, அவ்வளவுதான். நம்ம தலைக்குள்ளயும் ஒண்ணு அப்படித்தான் கெடக்குது. அதுக்கும் எவனோ கயிறு கட்டிட்டுப் போயிருக்கான். அறுத்துப் பாருங்க.”

கலியமூர்த்தி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரைத் திட்டினார். மருமகனை “மாப்ள, வெக்கப்படாம சாப்பிடுங்க” என்று அதட்டினார். பட்டம்மாள் அதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டாள். படம் நின்ற பிறகு எழுந்து மேடையேறினாள். சுவாமிகளைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

நேராக அவர் முன்னால் போய் நின்றாள். சுவாமிகளின் வலதுகை, பழக்கதோஷத்தில், ஆசீர்வாதம் செய்ய உயர்ந்தது. பட்டம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். கை தானாகக் கீழே இறங்கியது.

அவள் திரும்பிப் படியிறங்கி, வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.