பெட்டிப் பலகையில் ஒரு படிக்கதவு

பயத்துக்குக் கை முளைத்தால் அது முதலில் சுத்தியலைத்தான் தேடும். நடக்கப் பழகும் பிள்ளை உள்ள வீட்டில் அப்பன்மார் எல்லோருக்கும் அந்தக் கை முளைக்கிறது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முளைத்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி. சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு. இரண்டு சுவர்களுக்கு நடுவே, மொட்டைமாடிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டு. மகள் கலாவுக்கு அந்தப் படிதான் உலகம். ஏறுவாள், இறங்கத் தெரியாது. (யாருக்குத்தான் தெரிகிறது?) விழுந்தால் அடிபடாதிருக்கப் படிகளில் கோணிச்சாக்கு விரித்தேன். அதில் நானே வழுக்கி விழுந்து, மறுநாளே சுருட்டி வைத்தேன்.

பூந்தமல்லிப் பக்கம் நான் குமாஸ்தாவாக இருந்த பட்டறையில், எந்திரம் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளைச் சும்மா கொடுத்தார்கள். அவற்றைக் கொண்டு அடிப்படியில் மார்பளவு உயரத்துக்கு, இடைவெளிவிட்டுக் கட்டைகள் அடித்த ஒரு அழிக்கதவு செய்தேன். பிஞ்சு விரல் நசுங்கக் கூடாதென்று நிலையோடு நெருக்கிப் பொருத்தினேன், காற்றுக்கூட நுழையாது. மரம் மழையைக் குடிக்கும் என்று, கவிதை எழுதிப் பழகிய நாளில் எங்கேயோ எழுதிக்கூட இருக்கிறேன். நம்பியதில்லை.

ஐப்பசியில் காதுகுத்து வந்தது. முதல்நாள் பூராவும் மழை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அந்தத் தாய்மாமனோ, எங்கள் கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று எழுந்து போனவர். என் மனைவி சரோஜாவின் ஒரே அண்ணன். அன்றிலிருந்து பேச்சில்லை. சரோஜா தண்டலத்துக்கு நேரில் போய், அழுது, அழைத்து வந்திருந்தாள். இந்த முறையும் அவர் முறுக்கிக்கொண்டால் அவளுக்குப் பிறந்தவீடு அவ்வளவுதான்.

வந்தவர் சிகரெட் பிடிக்க மாடிக்குக் கிளம்பினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அத்தனை பேர் நடுவில், கதவைச் சாத்திவிட்டு ஏறும்படி மச்சானுக்குச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. கதவைத் தாண்டிப் படிப்பக்கம் போனார். இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து அறைந்து சாத்தினார். ஊறிப் பருத்திருந்த மரம் நிலைக்குள் இறுகிக்கொண்டது.

திரும்பி வந்தவர் இழுத்தார். நான் தள்ளினேன். சொந்தக்காரர் ஒருவர் ஏணி கொண்டுவரலாம் என்றார். மச்சானின் உடம்பையும் பட்டுக்கரை வேட்டியையும் பார்த்துவிட்டு அவரே பேச்சை மாற்றினார். நான் கடப்பாரையை எடுத்தேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"நல்ல காரியம் நடக்கிற வூட்ல கதவ ஒடைப்பாங்களா மாப்ள?"

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். சரோஜா அழியைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

"அண்ணே, கோச்சிக்கினு பூடாதண்ணே."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்க போறது? உம் புருசன்தான் கூண்டுல அடச்சி வச்சிகீறாரே" என்றார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். "கொயந்தய குடு."

கதவுக்கு மேலாகக் கலாவைக் கொடுத்தோம். ஆசாரி இந்தப் பக்கம் குந்திக்கொண்டு, அழி இடுக்கில் கையை விட்டுக் குத்தினார். ஒரு காது ஒழுங்காகக் கிடைத்தது. மறு காதுக்குத் திருப்பியபோது பிள்ளை திமிற, ஆசாரியின் முழங்கை குறுக்குச்சட்டத்தில் இடித்து, ஓட்டை கொஞ்சம் மேலே போய்விட்டது.

வெயில் வந்து மரம் இளகச் சாயங்காலமானது. அதுவரை மச்சானுக்குப் படியிலேயே இலை. சரோஜா கதவுக்கு மேலே எக்கி எக்கிப் பரிமாறினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, இன்னா வேணும் என்று கேட்டார்கள். அன்றைய பந்தியில் அவரைக் கவனிக்காதவர் ஒருவர்கூட இல்லை. இறங்கி வந்தபோது கலா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது கலாவுக்கு வரன் பார்க்கிறோம். ஒரு கம்மல் மேலே, ஒன்று கீழே தெரியாமலிருக்க, போட்டோவில் அவள் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வாள். பெண் ரொம்ப அடக்கம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அப்பாவோட தச்சுவேலை என்று பெயர்.