கோயிலுக்கு முட்டுக் கொடுத்த அண்ணை

கனடாவில் மொன்றியல் நகரத்தில் உள்ள பழைய கோயில்கள் இன்றைக்கும் விழாமல் நிற்பதற்கு முட்டு அண்ணையின் கவலைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். இன்ஜினியர்மார் சம்பளத்துக்குக் கவலைப்படுகிறவர்கள். இவர் சும்மா கவலைப்பட்டார்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களான நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அண்ணைக்கு வேலை ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குவது. ஆசை மட்டும் ஐரோப்பாவின் பழைய பேராலயங்கள் எப்படித் தோன்றின என்பதில். நூலகத்திலிருந்து தலையணை மாதிரிப் பிரெஞ்சுப் புத்தகங்களைத் தூக்கி வருவார். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பார். மிச்சத்தைத் தானே சொல்லுவார்.

"முதல்ல மரக்கூரைதான் போட்டவங்கள், தம்பி. நெருப்புப் பிடிச்சு எரிஞ்சு போச்சு. பிறகு கல்லால கூரை கட்டினாங்கள். கல்லு பாரம். அது சுவரை ரெண்டு பக்கமும் வெளியில தள்ளும். சுவரைத் தடிப்பாக் கட்டினா உள்ளுக்கு ஒரே இருட்டு. பெரிய யன்னல் வைக்க ஏலாது. அப்ப என்ன செய்யோணும்?"

"தெரியாது, அண்ணை."

"வெளியில முட்டுக் குடுக்கோணும்!"

எந்தக் கதையைத் தொடங்கினாலும் கடைசியில் இந்த முட்டில்தான் வந்து நிற்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று பங்குச் சுவாமியாருக்கே தெரியுமோ தெரியாது.

எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரைப் பார்ப்பார். பிறகுதான் உள்ளே வருவார். வில்லரேக் கோயிலில் ஒரு செத்தவீட்டுப் பூசை. முழங்கால் அளவு பனி. சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. இவர் இன்னும் கோயிலின் பின்பக்கத்தில் பனிக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவரின் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கட அப்பாவை விட உங்களுக்குச் சுவரோ பெரிசு?"

"அப்பா இனி விழமாட்டார், பிள்ளை. சுவர் விழும்."

அந்தக் குடும்பம் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

ரொக்ஸ்பரோவில் ஒருவர் வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பேராலயங்களின் கூர் வளைவு எங்கிருந்து வந்தது என்ற பேச்சை அண்ணை எடுத்தார். அது கிழக்கே அரபு நாடுகளில் பிறந்து மெல்ல மெல்லப் பாரிஸ் பக்கம் போய்ச் சேர்ந்ததாம். செய்து காட்டுகிறேன் என்று சாப்பிட வைத்த பாணில் இரண்டு துண்டை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினார். பாரம் எப்படி இறங்குகிறது என்று காட்ட மேலே சம்பல் கோப்பையைத் தூக்கி வைத்தார். பாண் விரிந்தது. சம்பல் புதுக் கார்பெட்டில் இறங்கியது.

வீட்டுக்காரி தலையில் கையை வைத்தார். அண்ணையின் முகத்திலோ அப்படி ஒரு சந்தோசம்.

"பாத்தியளோ? முட்டு இல்லை!"

மனைவி காலமான பிறகு அண்ணை தனி ஆள். இந்தக் கூத்துகளால் கோயில் வேலை எதற்கும் அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. கிறிஸ்மஸுக்கு நத்தார்க் குடில் கட்ட மட்டும் கூப்பிடுவார்கள். பாலன் யேசுவை வைக்கிற அந்தக் குடிலை நம்பித்தான் அவருடைய மார்கழி மாதம் ஓடியது. ஒரு வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. கோயில் சபைத் தலைவி திரேசா அக்கா, கடையில் விற்கிற, விழாத பிளாஸ்டிக் குடில் ஒன்றை வாங்கிவிடலாம் என்றார்.

"ஒருக்கா விடுங்கோ, தங்கச்சி. இந்தமுறை மாட்டுக் கொட்டில் இல்லை. பேராலயம் மாதிரியே கட்டுறன்."

"விழுத்தினியள் எண்டால் இனிக் குடில் பக்கமே வரக்கூடாது. சரியோ?"

"ஓம்" என்றார் அண்ணை.

சந்தையிலிருந்து வாழைப்பழப் பெட்டிகளாகக் கொண்டுவந்து வெட்டினார், ஒட்டினார். ஆள் உயரத்துக்குக் கட்டிடம் எழும்பியது. கூர் வளைவு, கல்மாதிரி வண்ணம் பூசிய பாரமான கூரை, சுவர் முழுக்கக் கலர்த்தாள் யன்னல். வெளியில் இரண்டு பக்கமும் மட்டையால் சாய்வான முட்டுக்கள். நான் பார்த்த குடில்களிலேயே வடிவானது அதுதான்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரப் பூசை. சனம் நிறைந்துவிட்டது. நான் வழக்கம்போலக் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில். முன்னுக்குப் போய் நிற்க எனக்குக் கூச்சம். பாட்டு எழும்ப, மணி அடிக்க, சுவாமியார் பாலனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார். அப்போதுதான் கூரை மெல்லக் கீழே இறங்குவதைக் கண்டேன். சுவர்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. முட்டுக்களைக் காணவில்லை. அவை நின்ற இடத்தில் வரிசையாகப் பொம்மை ஆடுகள் நின்றன.

அண்ணை பாய்ந்து போய் ஒரு சுவரில் இரண்டு கையையும் ஊன்றினார். முன்வாங்கிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். மற்றச் சுவரில் ஒரு மூலைக்கு ஆள் இல்லை. அவருடைய கண் சனத்துக்கு மேலால் தேடி, கதவடியில் என்னைப் பிடித்தது.

"தம்பி! ஓடி வாரும்!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கல்யாணத்தன்றுகூட என்னை அத்தனை பேர் பார்க்கவில்லை. காது சுட, நடுவழியால் நடந்து போய் அந்த மூலையைப் பிடித்தேன்.

சுவாமியார் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரிப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கென்று நீளப் பிரசங்கம். உள்ளேயிருந்த பல்ப் வெளிச்சம் கலர்த்தாள் வழியாக வந்து நான் போட்டிருந்த சேட்டில் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. ஒரு சின்னப் பெட்டை தாயிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க, தாய் மெதுவாகச் சொன்னார்: "ஓம் அம்மா, அவையள் இடையர்கள்."

எனக்குக் கை உளைந்தது. அண்ணை குடிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குசுகுசுத்தார்.

"தம்பி, இப்ப எனக்கு விளங்குது. அந்தக் காலத்திலயும் இப்பிடித்தான் துவங்கியிருக்கும். முதல்ல சனம்தான் நிண்டு பிடிச்சிருக்குது. கை உளைஞ்ச பிறகுதான் கல்லை வைச்சிருக்கிறாங்கள்."

"புத்தகத்தில இருக்கோ, அண்ணை?"

"எழுதினவன் ஒருத்தனும் பிடிச்சுப் பாத்திருக்கமாட்டான்."

பூசை முடிந்ததும் திரேசா அக்கா நேரே வந்தார். அண்ணை சுவரிலிருந்து கையை எடுக்காமலே தலையைக் குனிந்தார்.

"நான் இனி வரேல்லை, தங்கச்சி. சொன்னா சொன்னதுதான்."

"எங்கை விழுந்தது? நிக்குதுதானே?" என்றார் அக்கா. பிறகு குரலைக் குறைத்தார். "ஆடு வைக்க இடம் காணாமல் கிடந்தது. வெளியில நிண்ட மட்டையள் மிச்சமெண்டு நினைச்சுக் குப்பையில போட்டது நான்தான். வாற வருஷமும் நீங்கள்தான் கட்டுறியள்."

அண்ணைக்கு மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. கை இரண்டும் வேலையாக இருந்ததால் சட்டைத் தோளிலேயே துடைத்துக்கொண்டார்.

அடுத்த நத்தாருக்கு மட்டை முட்டுக்கள் அசையாமல் நின்றன. ஆனாலும் அண்ணை மட்டையை நம்பவில்லை. எங்களையும் பழைய இடங்களில் நிறுத்தினார். பிறகு அது வழக்கமாகவே போய்விட்டது. அதற்கென்று நான் ஒரு நல்ல சேட் வாங்கினேன்.

இந்தக் கோடையில் ரொறன்ரோவில் இருக்கும் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். திரேசா அக்கா கடைசியில் கடைக் குடிலை வாங்கினார். நல்ல குடில்தான். ஒருவருடைய உதவியும் இல்லாமல் தானே நிற்கிறது. நத்தார்ப் பூசை முழுக்க என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.