கமா சத்தமாகப் படித்த இலக்கணம்

பதவி கிடைக்கும்வரை ஒரு கரண்டியைக்கூடக் கழுவுவதில்லை என்று கமா சபதம் எடுத்தான். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போருக்குக் கிளம்புகிறவன் மாதிரி அதை மனைவியிடம் அறிவித்தான்.

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எடை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை அவனுடையது. பெட்டி 'தொம்' என்று விழும்போதெல்லாம் அவன் பேனா குதிக்கும். குதித்த இடத்தில் ஒரு கமா விழும். அவன் எழுதிய ரசீதைப் படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது வெளிநாட்டுக் கடிதப் பிரிவுக்கு ஒரு தலைவர் தேவை. தனி அறை, சாத்திக்கொள்ளக் கதவு, தூசு படியாத நாற்காலி. பட்டம் பெற்ற ஊழியர் யாரும் தேர்வு எழுதலாம். தேர்வு முழுக்க ஆங்கில இலக்கணம். அவன் மனைவியும் அதே அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள், பட்டதாரி.

"ஒரு வீட்டுல ஒருத்தர் கஷ்டப்பட்டாப் போதும். நீ எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?" என்றான் பெருந்தன்மையாக.

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று அவன் நினைப்பான். யாருக்கு முடிந்தது என்று யோசித்ததில்லை.

"அப்ப பாத்திரம்?" என்றான். சமையல் அவள், பாத்திரம் அவன் என்பது கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம்.

"நானே கழுவிக்கறேன். ஆனா நீங்க படிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேக்கணும்."

"அது எதுக்கு?"

"போன தடவை கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் படிச்சப்ப தலகாணியெல்லாம் எச்சில்."

"அது ஆழ்ந்த சிந்தனை!"

"இந்தத் தடவை சத்தமா சிந்திங்க."

முதல் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. அதைவிட மோசம், ஆங்கிலம் அவனோடு ஒத்துழைக்கவில்லை. 'வீட்டுக்குள் நுழைந்ததும், மேசை தெரிந்தது' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினால், நுழைந்தது மேசை என்று ஆகிவிடுமாம். மாடிஃபையர் என்கிற அடைமொழியை உரிய ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமாம். அடுக்கி வரும் சொற்களெல்லாம் ஒரே வடிவில் வர வேண்டுமாம், அதற்குப் பேரலலிசம் என்று பெயராம். எழுவாய்க்கும் வினைக்கும் ஒற்றுமை வேண்டுமாம். இந்த வீட்டிலேயே அது நடக்கவில்லை, வாக்கியத்தில் எப்படி நடக்கும் என்று அவனுக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கமாவுக்கு மூளை வேலை செய்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழிகாட்டிப் புத்தகம் முழுவதையும் செல்போனில் பதிவு செய்தான். கேள்வி, நான்கு விடைகள், சரியான விடை, அதற்குக் காரணம். தபால்காரர் உறையைப் பிரிக்காமல் கடிதம் சேர்ப்பதைப்போல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுத்துப் பிசகாமல் சேர்த்தான்.

அன்றிலிருந்து ஆனந்தம். சாயங்காலம் ஆனதும் அறைக் கதவு சாத்தப்படும். போன் படிக்கும். கமா தூங்குவான், தூக்கம் வராவிட்டால் டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு மல்யுத்தம் பார்ப்பான்.

"ஏங்க, குழாய்ச் சத்தத்துல கேக்கல! இன்னும் சத்தமா!"

பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கூட்டுவான்.

"அந்தப் பேரலலிசத்தை மறுபடி படிங்க! நல்லா மனசுல பதியட்டும்!"

பின்னால் நகர்த்தி மறுபடி ஓட விடுவான். எவ்வளவு அக்கறை பாவம் இவளுக்கு, இப்படியும் ஒரு ஏமாளியா என்று கண் கலங்கியது.

தேர்வு நாள் சனிக்கிழமை. "எனக்கும் ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்று அவளும் கூடவே பஸ் ஏறினாள். கமா கூடத்தில் உட்கார்ந்து பேனாவை உதறினான். அவளும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்து பேனாவை உதறினாள்.

"நீ எங்க இங்க?"

"இதாங்க வேலை."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

வினாத்தாள் வந்தது. முதல் கேள்வி, பெட்டிகளின் குவியல் ஒருமையா பன்மையா. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யார் சொன்னார்கள் என்றுதான் நினைவில்லை. முதல் பாதிக் கேள்விகளுக்கு நீளமான விடையையும், மறு பாதிக் கேள்விகளுக்குக் குட்டையான விடையையும் குறித்தான். முன் வரிசையில் மனைவியின் உதடுகள் அசைந்தன. அசைந்த ஏற்ற இறக்கம் அசலாக அவனுடையது.

அடுத்த வாரம் முடிவை ஒட்டினார்கள். அவள் முதலாவது. அறிவிப்புப் பலகையில் அவன் பெயரே இல்லை.

அன்று மாலை அவன் பாத்திரம் தேய்க்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது ரெக்கார்டிங்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே. பேரலலிசம் நடுவுல தினம் 'ஐயோ, கால் மரத்துப்போச்சே'ன்னு வருது. உங்க காலு என்ன, பாடம் பாத்துத்தான் மரத்துப்போகுமா?"

"தெரிஞ்சும் ஏன் வாயே திறக்கல?"

"திறந்தா நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் எனக்கு யாரு பாடம் எடுப்பா? குவியல்தான் முதலாளி, நடுவுல நிக்கிற பெட்டிங்க சும்மா கூட்டம்னு எவ்வளவு அழகாச் சொன்னீங்க!"

"நானா சொன்னேன்?"

"உங்க குரல் பாஸ்ங்க. ஆளுதான் ஃபெயில்."

மறுநாள் மேலாளர் அவனைத் தோளில் தட்டினார். "வீட்டம்மா எல்லாம் சொன்னாங்கய்யா. நீங்கதான் குரு. மத்த ஸ்டாஃபுக்கும் சாயங்காலம் கிளாஸ் எடுங்க. நானும் வந்து உக்காருவேன்."

கமா மனைவியின் புது அறைக்கு ஓடினான். கதவைத் தட்டிவிட்டு நுழைய வேண்டியிருந்தது.

"மாட்டிவிட்டுட்டியே! அத்தனை பேர் முன்னால நான் நின்னு என்னத்தைச் சொல்வேன்?"

அவள் நிமிரவில்லை, எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க எதுக்குங்க போகணும்? போனைக் குடுத்தனுப்பினாப் போதும்."