என் ரத்தத்தைத் தேடி மிலானிலிருந்து வந்தார்கள்

ஏரிக்கரை, மே 9, 1981

பாசமுள்ள தங்கை க்ளேலியாவுக்கு அண்ணன் ஒட்டோரினோ எழுதுவது. நானும் உன் அண்ணி ஃபௌஸ்தாவும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் டூரினில் நலமாக இருக்க அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். போன கடிதத்தில் என் சாவுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தேன் அல்லவா, அதை ரத்து செய்துகொள். கறுப்பு உடை தைக்கக் கொடுத்திருந்தால் சாயம் மாறுமா என்று தையல்காரியைக் கேள்.

நடந்தது இதுதான். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனா, சும்மா இருக்கிறோமே என்று பட்டணத்து டாக்டரிடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "மாடிப்படி ஏறியா வந்தீங்க?" "ஆமா, ரெண்டு ரெண்டு படியா." "ரத்தத்துல கொழுப்பு மிதக்குதுய்யா. அதை வாரிக்கிட்டுப் போற நல்ல கொழுப்பு பேருக்குத்தான் இருக்கு. இந்தத் தாளை நம்பினா உங்க இதயம் எப்பவோ நின்னிருக்கணும்!" என்றார். அன்றிலிருந்து ஏழு வாரம் வேகவைத்த சுரைக்காய், க்ளேலியா. பாலாடைக்கட்டியை ஃபௌஸ்தா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். துணி துவைக்கும் இடத்தில் அவள் தனியாக அழுததை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

சாகப்போகிறவன் மனசில் பாரம் கூடாது என்று, பதினொரு வருஷமாகப் பேசாமலிருந்த கசாப்புக்கடை ஜில்டோவிடம் போனேன். "டேய் ஜில்டோ, உன் எலுமிச்சைக் கிளையை வெட்டினது நான்தான்டா." "தெரியும்டா. ரம்பத்த அங்கயே போட்டுட்டுல்ல போன!" என்றான். சொல்லிவிட்டு அழுதான். இரண்டு முழம் பன்றித் தொத்திறைச்சியைக் கையில் திணித்தான். அதையும் ஃபௌஸ்தா வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

இதற்குள் பட்டணத்து டாக்டர் என் தாளை மிலானுக்கு அனுப்பிவைக்க, அங்கிருந்து ஒரு டாக்டரம்மாவும் மூன்று நர்ஸுகளும் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கவைத்து ஊரில் ஒருத்தர் விடாமல் ரத்தம் எடுத்தார்கள். பாதிரியார்தான் முதல் ஆள், மயங்கி விழுந்ததிலும் அவர்தான் முதல். "உங்கப்பா எப்படி இறந்தார்?" என்று டாக்டரம்மா கேட்டார். "தொண்ணூத்திரெண்டு வயசுல செர்ரி மரத்துலேருந்து விழுந்து." "நெஞ்சுவலி?" "இல்லைங்க, கிளை முறிஞ்சது." எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

நேற்று முன்தினம் முடிவைச் சொன்னார்கள். எங்களில் சிலருக்கு ரத்தத்தில் விசேஷமான ஒரு புரதம் இருக்கிறதாம். கொழுப்பை வாரிச் சுமக்கிற ஆட்கள் குறைவு, ஆனால் ஒவ்வொருத்தனும் நாலு ஆள் வேலை பார்க்கிறான் என்று டாக்டரம்மா விளக்கினார். என் ரத்தக்குழாய் இருபது வயசுப் பையனுடையது மாதிரி இருக்கிறதாம்! ஜில்டோவுக்கும் அதே ரத்தம். ஏதோ ஒரு பழைய பாட்டன் எங்கள் இருவருக்கும் பொது. "அப்ப நாம பங்காளிடா!" என்று கத்தினான். "நல்லதாப் போச்சு, இனிமே முறைப்படி சண்டை போடலாம்" என்றேன். கட்டிக்கொண்டோம். பித்தளை வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள், நான் பெஞ்சு மேல் ஏறி ஆடினேன். இந்த ரத்தம் வாய்க்காத தபால்காரம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "ஆண்டவர் முன்னால எல்லா ரத்தமும் ஒண்ணுதாம்மா" என்றார் பாதிரியார். அவருக்கும் வாய்க்கவில்லை.

ஆகவே, தங்கையே, நான் சாகவில்லை. இனி வெண்ணெய், சோளக்களி, தொத்திறைச்சி எல்லாவற்றுக்கும் விஞ்ஞானத்தின் அனுமதி உண்டு. நீயும் வந்து ரத்தம் கொடு. உன் வீட்டில் எண்ணெயும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

அன்பு அண்ணன்,
ஒட்டோரினோ

பின்குறிப்பு: க்ளேலியா, நான் அண்ணி. உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "இது காப்பு மாதிரி தெரியுது, ஆனா உறுதியாச் சொல்ல இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும்." உன் அண்ணன் அதற்குள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார், காதில் விழவில்லை. நாளையிலிருந்து மறுபடி சுரைக்காய், அவருக்கு இன்னும் தெரியாது. ஏழு வாரம் கழித்து மனுஷன் வாய்விட்டுச் சிரிக்கிறார், அதனால் இன்று ஒரு துண்டு தொத்திறைச்சி நானே வெட்டிக் கொடுத்தேன். பெரிய துண்டுதான்.