போன வருஷத்து ஓத அட்டவணை

அன்புள்ள டோரீனுக்கு,

உன் பெர்சி எழுதுவது. நான் உடம்புக்கு சுகமே. நீயும், உன் அக்கா மேபெலும், என்னைக் கண்டாலே முதுகைத் தூக்கும் அவளுடைய பூனையும் சுகமாக இருக்க விரும்புகிறேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை நம் உப்பங்கழிக்குள் தனியாக வந்தேன். நீ இல்லை, அமைதியாக இருக்கும், கடல்நாய்களைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று நினைத்தது உண்மைதான். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணைப்படி இன்னும் இரண்டு மணி நேரம் தண்ணீர் ஏறவேண்டும். சேற்றுத் திட்டை ஒட்டி நங்கூரம் போட்டு, தேநீருக்கு அடுப்பேற்றி, பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கும்போது கெண்டி தானாக நகர்ந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அட்டையைத் திருப்பினால் போன வருஷத்துப் புத்தகம். ஜனவரியில் புதுசு வாங்கி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுவது நீதானே. அது தானாக அங்கே முளைக்கிறது என்று முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டேன்.

கரையில் பறவைக் கணக்கு எடுக்கும் திருமதி ஹாப்குட் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.

“என்ன பெர்சி, படகைப் படுக்க வெச்சிட்டீங்க? வீட்டம்மா எங்கே?”

“அக்கா வீட்டுல.”

“அதானே பார்த்தேன். அவங்க இருந்தா இப்படி ஆயிருக்குமா?” என்று உள்ளான் பறவைகளோடு என்னையும் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். “அமாவாசை ஓதத்துல ஏறி உட்கார்ந்துட்டீங்க. இனி தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகும். பௌர்ணமி வரைக்கும் பதினாலு நாள் இங்கதான்.”

அக்டோபரில் இதே இடத்தில், “நீ வாயைத் திறந்தா இருக்கிற பறவையெல்லாம் பறந்துடுது” என்று சொன்னேன். நீ மேபெல் வீட்டுக்குப் போய் எட்டு மாதமாயிற்று. இந்த ஐந்து நாளாகப் படகில் பேச்சுச் சத்தமே இல்லை. அப்போதும் பறக்கின்றன. ஒரு கடல்நாய் தினமும் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது. அதனிடம் நீ என்னவெல்லாம் பேசியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் டோரீன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் கல்யாண நாள். நானே வந்து நேரில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். சேற்றில் மாட்டிக்கொண்டவன் எப்படி வருவது? நீ வந்தால்தான் உண்டு.

மேபெலுக்கு என் வணக்கம். பூனைக்கும், தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
உன் பெர்சி

பின்குறிப்பு: எழுத்து கோணவில்லை என்பதை நீ இதற்குள் கவனித்திருப்பாய். அடுத்த ஏற்றத்திலேயே படகு நிமிர்ந்து மிதந்துவிட்டது. திருமதி ஹாப்குட் சொன்னதாக எழுதிய பதினாலு நாள் கதை நான் கட்டியது. “மிதக்குதே, கிளம்ப வேண்டியதுதானே?” என்று திருமதி ஹாப்குட் தினமும் கேட்கிறார். நங்கூரம் வரமாட்டேன் என்கிறது என்றேன். இழுத்தே பார்க்கவில்லை. போன மாதம் இரண்டு தடவை மேபெல் வீட்டு வாசல்வரை வந்து, மணியடிக்காமல் திரும்பினேன். இங்கே மாட்டிக்கொண்டேன் என்றால் நீ வர ஒரு சாக்கு இருக்குமே என்று பார்த்தேன். ஞாயிறு பதினொன்றரைக்கு ஓடத்தோடு கரையில் நிற்கிறேன். அந்த நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும் என்று என் பழைய புத்தகம் சொல்கிறது. வரும்போது புதுசு ஒன்று வாங்கி, பார்த்துவிட்டு வா.