அலமாரிக்குள் உறுமுகிற மாப்பிள்ளை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே என் மூட்டுவலியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் சௌக்கியம் என்று போன கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

உன் பெண் கட்டிக்கொண்டால் இவனைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிற அந்த ஹெவி மெட்டல் பாட்டுக்காரனை விசாரித்து, வேண்டாம் என்று சொல்ல வாகாக நாலு குறை எழுதச் சொல்லியிருந்தாய். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் கோப்பில் குறை கண்டே ரிட்டையர் ஆனவன் நான். இதென்ன பிரமாதம் என்று கிளம்பினேன்.

அவன் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, ஆளைக் காணோம், படுக்கையறைத் துணி அலமாரிக்குள் யாரையோ கழுத்தை நெரிக்கிற சத்தம். குடையை ஓங்கிக்கொண்டு அலமாரியைத் திறந்தால், நாலு கம்பளிக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்து அவனே நிற்கிறான். "வாங்க மாமா. கீழ் வீட்டுல கைக்குழந்தை தூங்குது, அதான் உள்ள நின்னு உறுமிப் பழகறேன்" என்கிறான். சட்டையில் மண்டை ஓடு, ஆனால் இஸ்திரி போட்டது. குடி, புகை கிடையாது, தொண்டை கெட்டுவிடுமாம். இவன் பாட்டு எட்டில் ஏழில் உலகம் அழிகிறது, எட்டாவதில் ஏற்கெனவே அழிந்துவிட்டது. ஆனால் ஜன்னலோரம் போகிற எறும்புச் சாரையைத் தாண்டித் தாண்டி நடக்கிறான். "சாமி நம்பிக்கை உண்டா?" என்றேன். "இல்ல மாமா. உங்களுக்கு இருந்தா கேலி பண்ண மாட்டேன்." "அப்ப பாட்டுல எதுக்குய்யா இத்தனை பிணம்?" "பயத்தையெல்லாம் மேடையிலயே கத்தித் தீர்த்துட்டா, வீட்டுக்குக் கொண்டு வர வேணாம் பாருங்க."

சரி, கச்சேரியில் குட்டு வெளிப்படும் என்று அங்கேயும் போனேன். கறுப்புச் சட்டை போட்ட ஐந்நூறு தடியன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடுகிறார்கள், அதுதான் ரசனையாம், அந்த இடியில் நான் ஒரு பக்கம் விழ, நம் பெண் பல் டாக்டர் என்கிற பெருமையில் எனக்குச் செய்து கொடுத்த பல்செட் ஒரு பக்கம் விழ, போச்சு, மிதிபட்டே சாகப்போகிறேன் என்று கண்ணை மூடினால், பாட்டு நின்றுவிட்டது. விழுந்தவனைத் தூக்கிவிடாமல் அடுத்த வரி பாடக் கூடாது என்று இவர்களுக்குள் ஒரு சட்டமாம். மாப்பிள்ளை மேடையில் உறுமலைப் பாதியில் விழுங்கிவிட்டு, "மாமா பல்லு கிடைக்கற வரைக்கும் யாரும் காலை அசைக்காதீங்க" என்கிறான். ஐந்நூறு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். சங்கிலி மாட்டிய ஒருவன் கழுவியே கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஆனாலும் குறை இல்லாமல் போகுமா? கண்டுபிடித்துவிட்டேன். இவனுக்குப் பொய் சொல்ல வராது. நான் எழுதிய கல்யாண வாழ்த்துப்பாவைப் படித்துக்காட்டி "எப்படி?" என்றேன். "நல்லாயில்ல மாமா" என்றான், அதுவும் மரியாதையாக. உன் சமையலை உன் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகப் புகழ்ந்து வருகிறாரே, அந்த அடிப்படைத் தகுதிகூட இல்லாதவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்? ஆகவே, இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட நான் ஒப்புக்கொண்டு பத்து நாளாகிறது. உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. இரண்டு சாட்சி வேண்டும். இன்னொரு இடத்துக்கு ஆயிரம் பேர் கேட்டும் அவன் தரவில்லை. "அத்தை வராங்களோ இல்லையோ, அது அவங்க இடம் மாமா" என்கிறான். உன் பெண் அதைக் கேட்டுக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். பேனா நான் கொண்டு வருகிறேன், நீ வந்துவிடு.