நேசத்தின் வலிக்குச் சாராம்மா கண்ட காரணங்கள்

காரணம் கண்டுபிடிப்பவர் என்றொரு இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் போதும். எங்கள் பாறசாலைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். யாருக்காவது வயிறு வலித்தால் நாமெல்லாம் வண்டி தேடுவோம். இவர் காரணம் தேடுவார். அது அகப்படும்வரை ஒருவரும் அசையக்கூடாது.

குன்னத்துகால் சாராம்மா அந்த இனத்தின் மகாராணி. நிலச்சீர்திருத்தச் சட்டத்தில் கிடைத்த பத்து சென்ட் மனையில், கணவன் ஜஸ்டஸின் ஷார்ஜா பணத்தில் எழுந்த பக்கத்து வீட்டில், ஏழு மாதக் கர்ப்பிணி நேசத்துக்கு இடுப்பைச் சுற்றி விட்டுவிட்டு வலி. பிள்ளை இப்போதே வந்துவிட்டால் பிழைக்குமா? நேசம் கண்ணீரோடு கட்டிலில் சுருண்டு கிடக்க, மாமியார் சத்தியபாய் பதறிப்போய் அழைக்க, சாராம்மா வந்தார். அறையின் வாசனையை மோந்து பார்த்தார்.

“மைனி, ஜஸ்டஸ் அனுப்பின செண்டாக்கும் காரணம். சூடு வயித்துல எறங்கிப்போச்சு.”

“அக்கா, காலைல இருந்தே ஒண்ணுக்குப் போனா எரியுது. காய்ச்சலும் உண்டு,” என்றாள் நேசம்.

“நீ சும்மா கெட பிள்ளே!”

நோயாளியிடமா காரணம் கேட்பது?

செண்டு குப்பி வெளியேறியது. வலி நின்றதா? இல்லை. அடுத்து நைலக்ஸ் சேலை. அதற்கும் அடுத்து, ஜஸ்டஸின் குரல் பதிந்த கேசட்டோடு டேப்ரெக்கார்டர். “அப்பனுக்க சத்தம் கேட்டுல்லா பிள்ளை வெளிய வர நிக்குது!” எல்லாம் சாராம்மாவின் வீட்டுக்கே போயின. ஊரின் சூட்டையெல்லாம் தம் வீட்டில் ஏற்றுக்கொள்ளும் தியாகியல்லவா!

பிறகு அவர் பார்வை கூரையிலிருந்த காற்றாடிக்கு உயர்ந்தது. ஏணி கொண்டுவரப் பெண்கள் இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். ஏணி வந்தது, கட்டிலில் நேசம் இல்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி சாலைக்குப் போய், அவ்வழியே வந்த உள்ளூர் வேலாயுதனின் டாக்சியை நிறுத்தி ஏறிவிட்டாள்.

நெய்யாற்றின்கரை டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சொன்னார்: சிறுநீரில் கிருமி. அதோடு உடம்பு போடும் சண்டையில் அழற்சி உண்டாகிறது. ‘அடங்கியிரு’ என்று கர்ப்பப்பையை அதட்டி வைக்கும் ஹார்மோனின் பேச்சு அப்போது எடுபடாது. வலியைக் கிளப்பும் சரக்குகளின் கை ஓங்கிவிடும். கிருமிக்கு ஊசி, வலியை அடக்க மருந்து, படுக்கை. மாலைக்குள் வலி அடங்கியது. பிள்ளை உள்ளேயே இருந்துகொண்டது.

சத்தியபாயுடன் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியோடு வந்த சாராம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஹார்மோனா? எனக்கு அப்பமே தெரியும். அது ஷார்ஜா பால்பொடியில உண்டு. மைனி, அந்த டப்பா எங்க?”

“அக்கா,” என்றாள் நேசம், “வயறு எனக்கதாக்கும். கஞ்சிய வச்சிட்டுப் போவும்!”

சிரிக்கிறீர்களா? நேசத்துக்கு வலி என்று படித்தவுடனேயே ‘குடம் தூக்கியிருப்பாள்’, ‘மாமியார் ஏதோ சொல்லியிருப்பாள்’ என்று நீங்களும் தீர்ப்பெழுதினீர்களா, இல்லையா? எழுதியிருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு வலித்தால் நீங்கள் வர வேண்டாம்; ஒரு டாக்சியை மட்டும் அனுப்பிவையுங்கள்.